அடிக்கட்டை பிடுங்கிய மேடு

முத்தியால்பேட்டை,
24-3-1955

மாப்பிள்ளை தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, அத்தை தில்லையம்மாள் எழுதுவது. கடல் தாண்டி இருக்கிற உங்கள் உடம்பு சுகமாக இருக்க வேண்டும் என்று வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

தந்தி கிடைத்திருக்கும். அதில் நாலு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. மீதியை இதில் எழுதுகிறேன். மாசி மாதம் இருபதாம் தேதி காலையில் பூவாயி தலை சுற்றுகிறது என்றாள். காலும் முகமும் வீங்கி இருந்தது. ஏழாம் மாதம் அப்படித்தான் இருக்கும், படுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். மத்தியானம் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பிள்ளையைச் சுமந்தபடி போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் வைக்க வேண்டும் என்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடைபாதை ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, தலை உயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைப்பது. தலைச்சுமையோடு வருகிற பெண்கள் இன்னொருத்தர் கை இல்லாமல் சுமையை அதில் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். அவர்கள் இறக்க இறக்க அவள் வயிற்றுச் சுமையும் இறங்கும். அதுவரைக்கும் அவள் சுமந்துகொண்டே அலைவாள் என்பது நம் பக்கத்து நம்பிக்கை.

இதற்காக நீங்கள் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். தாய்வீட்டில், என் கண் முன்னால் போனவள். கல்லை நான்தான் வைப்பேன். எந்த இடத்தில் வைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தில்லையம்மாள்

*

சைகோன்,
2-5-1955

அத்தை அவர்களுக்கு வணக்கம். உங்கள் உடம்பைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நீங்கள். நான் இங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் மாதத்தில் அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன் நான். நான் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தால் அந்த நினைப்பு முடிகிறதில்லை.

இடம் கேட்டீர்கள். சவுக்குமேட்டில் வையுங்கள். முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே, கடலை விட்டு ஒரு மைல் உள்ளே இருக்கிறதே, அந்த மணல்மேடு. நான் புறப்படுகிற வாரம் இரண்டு பேரும் அங்கே ஏறினோம். சவுக்கு நிழலில் மணல் எவ்வளவு குளிர்ச்சி என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மேட்டடிக் கிராமத்துப் பெண்கள் காய்கறிக் கூடையோடு மேட்டைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போகிற பாதை அது. ஏறி வருவதற்குள் அவர்களுக்கு வாயில் நுரை தள்ளிவிடுகிறது. அங்கே ஒரு கல் இருந்தால் தினமும் இறக்குவார்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மேல் நான் பேசவில்லை. வைத்ததும் எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
தட்சிணாமூர்த்தி

*

முத்தியால்பேட்டை,
6-7-1955

மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தை எழுதுவது. மழைக் காலம் தொடங்கிவிட்டதா அங்கே? நனைந்த உடுப்போடு இருக்காதீர்கள். எனக்குக் கையில் கொப்புளம், மற்றபடி குறை இல்லை.

கல் வைத்தாயிற்று. எப்படி என்று கேளுங்கள். சித்திரையில் மேட்டுச் சவுக்கு மரங்களைக் காண்ட்ராக்டர் வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மரம் போய் அடிக்கட்டை மட்டும் மேடு முழுக்க நின்றது. நான் வீடுகளுக்குச் சவுக்கு மிலார்ச் சுள்ளி விற்கிறவள்தானே, எனக்குத் தெரியும், அடிக்கட்டை மிலாரைப் போலப் பொசுக்கென்று எரிந்துவிடாது, நின்று எரியும். ரொட்டிக்கடை முருகையனிடம் போய்க் கேட்டேன். அவருடைய மச்சான் மயிலத்துப் பக்கம் கல் உடைக்கிறவர். அடுப்புக்கு ஆடி பிறக்கும் வரைக்கும் கட்டை கொண்டுவந்து போடு, கல்லை வண்டியோடு இறக்குகிறேன் என்றார்.

மறுநாளே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டையைச் சுற்றி அடப்பங்கொடி வலை மாதிரிப் பின்னிக் கிடந்தது. அதை அரிந்து சுருட்டி எறிந்தால்தான் கடப்பாரை இறங்கியது. ஒரு கட்டைக்கு ஒரு காலைப் பொழுது போயிற்று முதலில். பிறகு கை பழகிவிட்டது. தெற்கு முனையில் தொடங்கி மேற்குச் சரிவு முழுக்க வந்தேன். தனியாகத்தான். தோண்டும்போது அழுகை வரவில்லை மாப்பிள்ளை, அதனால் நிறுத்த மனம் இல்லை. கல் வந்த பிறகும் தோண்டினேன்.

தோப்புக் காவல்காரர் அம்மாவாசை, ஜாமானைக் கட்டிக்கொண்டு கடலூருக்குப் புறப்படுகிறவர், நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா, மரத்தை வெட்டினவனே கட்டையை வுட்டுட்டுப் போறான், நீ அதையும் புடுங்குற?"

"வுட்டா மட்டும் துளிர்க்கவா போவுது?"

"துளிர்க்காது. மணலைப் புடிச்சிக்கினு கெடக்குது. அதையும் புடுங்கினா மேடு எழுந்து நடக்கும், பாத்துக்க."

"நடந்தா உன் கூடவே கடலூருக்கு வரும், வழித்துணைக்கு ஆச்சி போ" என்றேன். பூவாயி போன பிறகு நான் வேடிக்கையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கல்லில் முதல் சுமை இறக்கியது மேட்டடி வீராயி. மேட்டுக்குக் கிழக்கே அடிவாரத்தில் கத்தரித் தோட்டமும் கிணறும் இருக்கிறவள். கூடையைக் கல்லில் தள்ளிவிட்டு, "பூவாயி, கொஞ்சம் புடிச்சிக்கடி" என்றாள். பின்னால் வந்த எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள். பூவாயி புடிச்சிக்க, பூவாயி புடிச்சிக்க. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசீர்வாதத்துடன்,
தில்லையம்மாள்

*

சைகோன்,
19-9-1955

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். கைக் கொப்புளம் ஆறிவிட்டதா? விளக்கெண்ணெய் தடவுங்கள். நான் சௌக்கியம்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் படித்திருப்பேன். என்னோடு இருக்கிற ஜானகிராமனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் மனைவிக்கு மேட்டடிதான் தாய்வீடு. பூவாயி பேரைச் சொல்லி இறக்குகிறார்கள் என்ற இடத்தில் அவன் வெளியே எழுந்து போய்விட்டான்.

அன்றைக்குத்தான் முழுசாகச் சாப்பிட்டேன். இந்நேரம் அவள் சுமை கொஞ்சமாவது இறங்கியிருக்கும், இல்லையா அத்தை? நீங்கள் செய்ததை நான் செய்திருக்க முடியாது. மாதம் ஒரு கடிதம் போடுங்கள். கல்லைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

உங்கள் மாப்பிள்ளை,
தட்சிணாமூர்த்தி

*

முத்தியால்பேட்டை,
11-1-1956

மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தை. நலம். உங்கள் நலம் தெரிய வேண்டும். மாதம் ஒன்று போடச் சொன்னீர்கள். முடியவில்லை. கண் கொஞ்சம் மங்கல்.

கல் நன்றாக இருக்கிறது.

போன ஆடியில் மேல்காற்று பலமாக இருந்தது. வீராயி தோட்டத்து வேலியில் கொஞ்சம் மணல் ஏறிற்று. வாரிப் போட்டார்கள். ஐப்பசி மழையில் எல்லாம் அமுங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. பொங்கலுக்கு நான் அடுப்பு மூட்டப் போவதில்லை, வருஷம் திரும்பவில்லையே. நீங்கள் அங்கே கிடைக்கிறதைச் சாப்பிடுங்கள்.

தில்லையம்மாள்

*

சைகோன்,
8-3-1956

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். போன வாரம் பூவாயிக்கு வருஷம் திரும்பியது. இங்கே ஒரு கோயிலில் விளக்குப் போட்டேன். நீங்கள் கல்லுக்கு என்ன செய்தீர்கள்?

எங்களை அல்ஜீரியாவுக்கு மாற்றுகிறார்கள். அடுத்த மாதம் கப்பல். புது விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். கண் மங்கல் என்றீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மேட்டடிப் பெண்கள் இப்போது மேட்டுப் பாதையில் வருவதில்லை, தெற்கே சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஜானகிராமனுக்கு அவன் மனைவி எழுதியிருக்கிறாள். காரணம் எழுதவில்லை. சுற்றினால் அரை மணி நேரம் கூடுமே? யாரும் வராவிட்டால் கல்லில் யார் இறக்குவார்கள்? என்ன ஆயிற்று?

உங்கள் மாப்பிள்ளை,
தட்சிணாமூர்த்தி

*

முத்தியால்பேட்டை,
2-9-1956

மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தை எழுதுவது. புது ஊரில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். சட்டைக்கு உள்ளே பனியன் போடுங்கள். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது.

பாதையில் மணல் இளகிவிட்டது, கால் புதைகிறது, அதனால் சுற்றிப் போகிறார்கள். அவ்வளவுதான். ஊர்ப் பேச்சை எல்லாம் காதில் வாங்காதீர்கள். வேலை இல்லாதவர்கள் எதையாவது சொல்வார்கள்.

கல் நன்றாக இருக்கிறது. கண்ணும் நன்றாக இருக்கிறது. அங்கே அரிசி கிடைக்கிறதா?

தில்லையம்மாள்

*

அல்ஜீரியா, முகாம்,
25-11-1956

அத்தைக்கு வணக்கம்.

ஊர்ப் பேச்சை வாங்காதீர்கள் என்றீர்கள். நீங்கள் எழுதாததை எல்லாம் ஜானகிராமன் மனைவி எழுதிவிட்டாள். கல் சாய்ந்து விழுந்துவிட்டதாம். பூவாயியே தள்ளிவிட்டாள் என்று சொல்கிறார்களாம். சுமை இறங்காமல் மேட்டில் நடக்கிறாள், அவள் நடக்கிற பக்கம் மணல் பின்னாலேயே வருகிறது, வீராயியின் கிணற்றைத் தூர்த்துவிட்டாள், வயிற்றுப் பிள்ளைக்காரிகளைப் பிடிக்கிறாள் என்று சொல்கிறார்களாம். அவளுக்கு ஆணி அடித்துக் கட்டிவிட்டார்களாம்.

எனக்கு இதை நம்பாமல் இருக்கத் தெரியவில்லை அத்தை. கல் வைத்தும் இறங்கவில்லை என்றால் காரணம் நான்தான். மூன்றாம் மாதத்தில் விட்டுவிட்டு வந்தேன். அவள் அழுதாள். அடுத்த லீவு என்று சொல்லிவிட்டு ஏறினேன். அந்த வார்த்தைதான் அவள் வயிற்றில் நிற்கிறது. இரண்டு மாதமாகச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. இளைத்துவிட்டேன் என்று டாக்டர் திட்டுகிறார்.

லீவுக்கு வரும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். அந்த மேட்டில் நான் எந்த முகத்தோடு ஏறுவேன்? உங்களுக்கு எதிரில் எந்த முகத்தோடு நிற்பேன்?

தட்சிணாமூர்த்தி

*

முத்தியால்பேட்டை,
20-1-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்களை நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது போடாதீர்கள்.

பூவாயி நடக்கவில்லை. மேட்டை நடக்க வைத்தது நான்.

கல் வைத்த அந்த ஆடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்காற்று வந்ததும், நான் கட்டை பிடுங்கின மேற்குச் சரிவில் மணல் புகை மாதிரிக் கிளம்பிற்று. மேட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கிற்று. கல்லுக்கு அடியில் ஒரு சாண் பள்ளம். கூடையில் மணல் கொண்டுபோய் நிரப்பினேன். மறுநாள் பார்த்தால் பழையபடி பள்ளம். அம்மாவாசை சொன்ன வார்த்தை அப்போதே காதில் விழுந்தது. அவர் ஊரில் இல்லை. வேறு யாருக்கும் தெரியாது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, பொங்கலுக்கு முன்னால் போட்ட கடிதத்தில்தான் கல் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

இரண்டாவது ஆடியில் கல்லின் ஒரு கால் சாய்ந்தது. மேல்கல் வழுக்கி விழுந்தது. வீராயி கத்தரிப் பாத்தி முழங்கால் ஆழ மணலுக்குள் போய்விட்டது. கிணற்றில் மணல் சரிந்தது. அவள் வீட்டார் பகலெல்லாம் அள்ளுவார்கள், விடிந்தால் திரும்ப அவ்வளவு இருக்கும்.

அவள் வாசலில்தான் அந்தப் பேச்சைக் கேட்டேன். "கல்லு வெச்ச வருசந்தான் மணலு வந்துச்சி. அதுக்கு முன்னாடி வந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். "சொமய தாங்க மாட்டேன்னு கல்லையே தள்ளிட்டா" என்றாள் இன்னொருத்தி. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் மனம் நோகும் என்று அவர்களே பேச்சை மாற்றினார்கள். எனக்கு மோர் கொடுத்தார்கள். மகளைப் பறிகொடுத்தவள் என்று அந்த ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது மாப்பிள்ளை. அதை விட மனம் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. வீராயி மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. மேட்டுப் பக்கம் மயங்கி விழுந்தாள். பூசாரியைக் கூட்டி வந்தார்கள். செத்தவள் முடி வேண்டும் என்றார். பூவாயி தலை சீவி உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் சொருகி வைப்பாள், சவுரி கட்ட. அதை நான் எடுக்காமல் வைத்திருந்தேன். அதை எடுத்துப்போய் நானே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் அடிவாரத்துப் புளியமரத்தில் முடியைச் சுற்றி ஆணி அடித்தார்கள். பெற்றவள் வாயால் சொல்ல வேண்டும் என்றார் பூசாரி. "போ, இனிமே வராத" என்று சொன்னேன். சத்தம் போதவில்லை என்றார். இன்னொரு தரம் சொன்னேன்.

நீங்கள் மூன்றாம் மாதத்தில் கப்பல் ஏறியதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வீக்கத்தைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள் என்று சொன்னவள் நான். கட்டையைப் பிடுங்கியவள் நான். மகள்மேல் பழி விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்தவளும் நான். நீங்கள் சாப்பிடுங்கள்.

நாளைக்கு மேட்டடிக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

தில்லையம்மாள்

*

முத்தியால்பேட்டை,
14-4-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. நான் பதில் எதிர்பார்க்கக் கூடாதுதான். உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஜானகிராமன் மனைவி மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

சொன்னபடி மறுநாளே மேட்டடிக்குப் போனேன். வீராயி வாசலில் ஏழெட்டுப் பேர் கிணற்று மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். "நான்தான் கட்டையைப் புடுங்கினேன். கொடியையும் அரிஞ்சேன். அதனாலதான் மணலு வருது. எம் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."

நாட்டாமை ராமதாஸ் சிரித்தார். "கேட்டீங்களா சேதிய! ஒத்தப் பொம்பள கடப்பாரையால மேட்டையே நவுத்திட்டாளாம். இந்தம்மாவ ரயிலுக்கு முன்னாடி கட்டி வுடலாம்டா."

எல்லாரும் சிரித்தார்கள். வீராயி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா கெடங்கடா. பெத்த வயிறு வேற எப்பிடிப் பேசும்?" என்று அதட்டினாள். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "தில்லை, பொண்ணு பேரு கெடுதேன்னு நீ உன் தலையில தூக்கிப் போட்டுக்குற. எனக்குத் தெரியாதா? தாய்னா நீதான் தாய்."

"இல்ல வீராயி, மெய்யாலுமே நான்தான்."

"சரி சரி, நீதான். இந்தா, மோரு குடி."

அந்த மோரை அன்றைக்கும் குடித்தேன் மாப்பிள்ளை. தட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும். குடித்துவிட்டேன்.

ரொட்டிக்கடை முருகையனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "கட்டை எத்தினியோ பேரு கொண்டாந்து போடறாங்க. நீ எங்க புடுங்கினன்னு நான் கண்டேனா? ஊரு வம்புல என்னை இழுக்காத" என்று கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது மேட்டடியில் நான் போகும் வழியில் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். மகளுக்காகப் பழி ஏற்ற தாய் என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். பூவாயி மேல் இருந்த பழி அப்படியே இருக்கிறது. முன்னாலாவது நான் வாயை மூடிக்கொண்டு பெற்ற மரியாதை. இப்போது உண்மையைச் சொல்லியும் அதே மரியாதைதான் கிடைக்கிறது.

நீங்களாவது என்னை நம்புங்கள். நீங்களும் இவர்களைப் போல அத்தை நல்லவள், என் மனம் ஆறச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. நான்தான் செய்தேன். தயவு செய்து நம்புங்கள்.

தில்லையம்மாள்

*

அல்ஜீரியா, முகாம்,
12-6-1957

அத்தைக்கு,

நம்புகிறேன்.

பதில் எழுதாமல் இருந்தது நம்பாததால் இல்லை, நம்பியதால்தான். ஜனவரிக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உங்களுக்கு எழுதியிருந்தால் பெற்றவளுக்கு எழுதக்கூடாத வார்த்தைகளை எழுதியிருப்பேன். கட்டை பிடுங்கியதைக் கூட விட்டுவிடுவேன். தெரியாமல் செய்தீர்கள். போ, வராதே என்று இரண்டு தரம் சொன்னீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஆனால் சாப்பாடு இறங்குகிறது. இத்தனை நாளும் என்மேல் இருந்த கோபம் உங்கள்மேல் மாறிவிட்டது. உங்களிடம் இதை ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வருஷம் வருகிறேன். உங்கள் வீட்டில் தங்க மாட்டேன்.

நான் ஒருத்தன் நம்பி என்ன பிரயோஜனம்? அவளைக் கட்டியது அந்த ஊர். அவர்கள்தான் அவிழ்க்க வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்கள் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள். அதைச் செய்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன்னால் எழுத வேண்டாம்.

தட்சிணாமூர்த்தி

*

முத்தியால்பேட்டை,
20-8-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சொன்னபடி செய்துவிட்டு எழுதுகிறேன்.

ஆடி மேல்காற்றுக்காகக் காத்திருந்தேன். காற்று கிளம்பிய மூன்றாம் நாள், பட்டப்பகலில் வீராயியையும் ராமதாசையும் மேட்டுக்கு மேலே வரச் சொன்னேன். பெண்கள் ஏற மாட்டோம் என்றார்கள். வீராயி, செத்தவளைவிட என் கிணறு பெரிசு என்று சொல்லிவிட்டு வந்தாள். வட முனைக்குக் கூட்டிப் போனேன். அது வரைக்கும் நான் கட்டை பிடுங்கி வரவில்லை. காண்ட்ராக்டர் விட்ட அடிக்கட்டை அப்படியே நிற்கிறது, கொடியும் மேலே படர்ந்து பச்சையாக இருக்கிறது. காற்று அடிக்கிறது, மணல் அசையவில்லை. பத்து அடி தள்ளி நான் பிடுங்கின இடம். அங்கே மணல் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் புடவைக்குக் கரை போட்டது போல ஒரே கோடு.

"இதோட நிறுத்தினேன். ஆடி பொறந்துடுச்சின்னு முருகையன் கட்டை போதும்னாரு" என்றேன்.

ராமதாஸ் அந்தக் கோட்டின் மேலேயே குந்திவிட்டார். ஒரு கையைப் பச்சைப் பக்கமும் ஒரு கையை ஓடுகிற மணல் பக்கமும் வைத்துப் பார்த்தார். வீராயி ஒரு அடிக்கட்டையைக் காலால் உதைத்தாள். அது ஆடவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "முடியக் கேட்டப்போ எடுத்தாந்து குடுத்தியேடி, பாவி" என்றாள். அன்றைக்கு மோர் இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஆணியைப் பிடுங்கினார்கள். தகவல் எனக்குச் சொல்லவில்லை, நானே கேள்விப்பட்டுப் போனேன். கிட்டே வராதே என்று வீராயி கையைக் காட்டினாள். வேலிக்கு வெளியே நின்றேன். பூசாரி குறடு போட்டு இழுத்தார், துரு ஏறியிருந்தது, வரச் சிரமப்பட்டது. ஊரே நின்று பார்த்தது. ஆணி வெளியே வந்ததும், "பூவாயி, எங்க மேல கோவிச்சிக்காத தாயி" என்று ராமதாஸ் சத்தமாகச் சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். முடியை வீராயி விரலால் சிக்கெடுத்து, மடியில் முடிந்துகொண்டு கடல் பக்கம் நடந்தாள். பெண்கள் அவள் பின்னால் போனார்கள். அதை என்னிடம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தில்லையம்மாள்